சமாளி என்றொரு ஸ்கிரிப்ட்

இனி என் மனைவி வடிவுக்கு நான் பதில் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். இந்த முடிவை வடிவிடம் சொல்லவில்லை.

என் பெயர் வீரபாகு. தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சிக்கு சர்வர் பார்க்கிறேன். பாதி நாள் மில்லர்புரம் வீட்டில் இருந்தே வேலை. கம்ப்யூட்டர் தானாகச் செய்யவேண்டியதை வரிவரியாக எழுதிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்தான் பிழைப்பு. ஷெல் என்றதும் ஏரலில் இருக்கும் என் மாமனார் அதைச் சிப்பி என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் போன் போட்டு, "மாப்ள, முத்து ஏதும் கெடச்சுதா?" என்பார். இப்போது கேட்பதில்லை. என்னிடமிருந்து எதுவும் கிடைக்காது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

வீட்டில் ஏசி அறை ஒன்றுதான். அது என் ஆபீஸ். வடிவின் தையல் மிஷின்கள் ஹாலில் வேகின்றன. கூடவே வடிவும். "அந்த ரூமை எனக்குத் தாங்க" என்று அவள் கேட்பாள். "சர்வர் சூடாயிரும்" என்று நான் சொல்வேன். சர்வர் இருப்பது துறைமுகத்தில். அதை நான் விளக்கியதில்லை. அந்த அறை போனால் எனக்கு இந்த வீட்டில் உட்கார இடம் கிடையாது. அது என் கோட்டை.

சிக்கல் சனிக்கிழமை வந்தது. நண்பன் இனிகோ சொந்தப் படகு வைத்திருக்கிறான். தூண்டில் போடக் கூப்பிட்டான். வடிவிடம் ஆபீஸ் என்று சொல்லிவிடலாம். ஆனால் கடலுக்குள் போனால் டவர் கிடையாது. அவள் அனுப்பும் மெசேஜுக்குப் பதில் வராவிட்டால் நேராக ஆபீசுக்குப் போன் போடுவாள். எங்கள் ஆபீசில் எல்லாரும் உண்மை பேசுகிறவர்கள்.

ஆகவே ஸ்கிரிப்ட். வீட்டு லேப்டாப்பில் என் வாட்ஸ்அப் இருக்கிறது. ஒரு புரோகிராம் வடிவின் மெசேஜைப் படிக்கும். பைப் வழியாக அடுத்த புரோகிராமுக்குத் தள்ளும். அது பதிலைத் தேர்ந்தெடுக்கும். இன்னொரு பைப் வழியாகப் பதில் வெளியே போகும். பைப்பில் ஒரு விசேஷம். மறுமுனையில் ஆள் வந்து வாங்கும்வரை எழுதியவர் நின்ற இடத்திலேயே நிற்பார். எங்கள் வீட்டு வழக்கமும் அதுதான். நான் தலையை நிமிர்த்தும்வரை வடிவு நிற்பாள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், "ஆச்சு வடிவு." எப்போது வருவீர்கள் என்றால், "வேலை இழுக்குது வடிவு." மற்ற எதைக் கேட்டாலும், "சரி வடிவு, உன் இஷ்டம்." என் இல்லற வாழ்க்கையில் இந்தப் பதில் தோற்றதே இல்லை. உடனே பதில் போனால் நான் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவாள். அதனால் கொஞ்சம் தூங்கிவிட்டு அனுப்பும்படி செய்தேன்.

நல்ல புரோகிராமர் படிக்கிறவருக்குப் புரியும்படி பெயர் வைப்பான். நான் தமிழிலேயே வைத்தேன். சமாளி. தூங்கு. பொய்_சொல். பூசி_மெழுகு.

முதலில் ஓடவில்லை. டீபக் செய்யும், அதாவது தப்பைத் தேடிப் பிடிக்கும் வசதியை முடுக்கினேன். அதை முடுக்கினால், ஸ்கிரிப்ட் தான் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் ஒரு கூட்டல் குறி போட்டு வெளியே சொல்லும். படிக்க வசதியாக அந்த ஒப்பாரியையும் பதில் போகிற பைப்பிலேயே கலந்துவிட்டேன். தப்பு தெரிந்தது. திருத்தினேன். தெருமுனையில் இனிகோ ஹாரன் அடித்தான். எழுந்து ஓடினேன்.

கடல் அருமையாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்ல கனத்தில் ஒரு பாறை மீன் மாட்டியது.

"வீட்டுல ஒண்ணும் சொல்லலியாலே?" என்றான் இனிகோ.

"சமாளி பாத்துக்கிடும்."

"அது யாருலே?"

கரைக்கு வந்ததும் போனில் டவர் வந்தது. பின்னாலேயே மெசேஜ் எல்லாம் வந்தது.

வடிவு: சாப்பிட்டீயளா?

நான்: + சமாளி சாப்பாடு
+ தூங்கு
+ பொய்_சொல்
ஆச்சு வடிவு

டீபக்கை அணைக்க மறந்திருந்தேன். ஒப்பாரி முழுக்க அவள் போனுக்குப் போயிருந்தது.

வடிவு: இது என்ன கூட்டல் கூட்டலா வருது?

நான்: + சமாளி தெரியாத_கேள்வி
+ தூங்கு
+ பூசி_மெழுகு
சரி வடிவு, உன் இஷ்டம்

யோசித்திருக்கிறாள். பிறகு அவளும் டீபக் செய்திருக்கிறாள். கூட்டல் வரிகளை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் சொல்கிறேன்.

வடிவு: இன்னைக்கு என்ன கிழமை?

நான்: சரி வடிவு, உன் இஷ்டம்.

வடிவு: உங்களுக்குக் கிறுக்கா?

நான்: சரி வடிவு, உன் இஷ்டம்.

வடிவு: ஏசி ரூமுக்கு மிஷினை மாத்திரட்டா?

நான்: சரி வடிவு, உன் இஷ்டம்.

வடிவு: இன்னைக்கேவா?

நான்: சரி வடிவு, உன் இஷ்டம்.

இனிகோ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "யாருலே இது, இம்புட்டு நல்ல புருசன்?"

மீனை அவனிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஏசி அறையில் மிஷின் ஓடும் சத்தம். வடிவு தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஜெபசுதா காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். குளுகுளுவென்று இருந்தது. என் லேப்டாப் சமையலறை மேடையில், குக்கருக்குப் பக்கத்தில். அணைக்கவில்லை. சார்ஜர்கூட மாட்டியிருந்தாள்.

"என்ன வடிவு இது?"

"நீங்கதான சரின்னு சொன்னீய?"

"நான் எப்ப சொன்னேன்?"

"காலையில. இந்தா, எழுத்துல இருக்கு."

"அது நான் இல்ல."

"பின்ன யாரு?"

ஜெபசுதா ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்றால், அந்த நேரத்தில் எங்கே இருந்தேன் என்று சொல்லவேண்டும். நான்தான் என்றால் அறை போச்சு. எனக்கு அழுகையே வந்தது.

"நான்தான்" என்றேன்.

"ஆபீஸ்ல ஏசி இல்லியோ? மொகம் கருத்துப் போயிருக்கு."

"கரண்ட் போயிருச்சு."

"முடியெல்லாம் உப்பு."

"துறைமுகம்லா. காத்து அடிக்கும்."

"அதுவும் சரிதான்" என்று நூலைக் கடித்து அறுத்தாள்.

நான் மெல்லச் சமையலறைக்குப் போய் லேப்டாப்பை அணைக்கக் கை வைத்தேன்.

"அணைக்காதீய!" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏன்?"

"அடுத்த சனிக்கிழமையும் நீங்க தாராளமா ஆபீசுக்குப் போங்க. மீன் கெடச்சா வீட்டுக்கும் ஒண்ணு கொண்டாங்க. இங்கன கலந்து பேசி முடிவெடுக்க அவுக இருக்காவல்லா."

"எவுக?"

வடிவு எழுந்து வந்து, லேப்டாப்பின் மேல் ஒட்டியிருந்த மாவைத் தன் முந்தானையால் பதமாகத் துடைத்தாள்.