இரண்டாம் தடவை எழுதியதால் வந்த வினை

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், என் மானத்தைத் தவிர. அங்கு நீங்களும் அக்காவும் நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. கிளை அலுவலகத்தில் பழைய கணினி மொழியில் வேலை செய்யும் உங்கள் குழுவைக் கலைக்கச் சொல்லி ஓர் உத்தரவு வந்ததே, அதற்குக் காரணம் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த மேதாவிதான்.

நடந்தது இதுதான். பஸ் முன்பதிவுக்காக உங்கள் மொழியில் நான் முன்பு எழுதிய புரோகிராம் ஒரு சீட்டைக் காட்டுவதற்குள் பயணி நடந்தே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். அதையே இங்கே என் குழு வேலை செய்யும் புது மொழியில் எழுதினேன், பாதி நீளம்தான், கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது, உடனே தலைகால் புரியாமல் கூட்டத்தில் எழுந்து, "பழைய மொழியோட அமைப்பே கோளாறு சார்! எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மாறிடணும்" என்று முழங்கினேன், இயக்குநர் கைதட்டினார், நானும் எனக்கே கைதட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். அவளுக்கும் இதே தொழில்தானே, வெங்காயம் நறுக்கியபடியே கேட்டாள்: "முதல்ல எழுதினப்போ ஒரே சீட்டை ரெண்டு பேர் கேட்டா என்ன பண்றதுன்னே உங்களுக்குத் தெரியாது. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ரெண்டாவது தடவை எழுதியிருக்கீங்க. மாறினது மொழியா, நீங்களா?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் மூக்கை உடைப்பதற்காகவே அதே புரோகிராமைப் பழைய மொழியில் மறுபடி எழுதினேன். உடைந்தது என் மூக்கு. புது மொழியில் எழுதியதைவிடச் சின்னது, அதைவிட வேகம்! என் பழைய முட்டாள்தனத்தை உங்கள் மொழியின் தலையில் கட்டியிருக்கிறேன், அத்தான்.

பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் உங்கள் வேலைக்கு உலை வைத்துவிட்டேன். நாளைக் காலை இயக்குநரிடம் உண்மையைச் சொல்லி அந்த உத்தரவை ரத்து செய்ய வைக்கிறேன். மொழிகளை ஒப்பிடும் வேலைக்கு இனி இந்த ஜென்மத்தில் போகமாட்டேன், இது சத்தியம். என் போனை எடுக்கச் சொல்லி அக்காவிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்களிடம் எத்தனை முறை மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அத்தனை முறையும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் ஏற்றுக்கொள்வீர்கள் என்றால் உங்கள்
மைத்துனன்

பி.கு.: கடிதத்தை அனுப்புவதற்குள் கை அரித்தது. சும்மா இருக்காமல் அதே புரோகிராமை மூன்றாவதாக வேறொரு மொழியில் எழுதிப் பார்த்தேன். அடேயப்பா, என்ன மொழி அத்தான்! மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் குழுவை மட்டும் கலைக்கும் உத்தரவு ரத்தாகிவிட்டது. இப்போது என் குழுவையும் சேர்த்துக் கலைக்கிறார்கள்.