டீமேக்கரின் மூக்கும் நம் வீட்டு ஹைபிரிட் காரும்

தர்ஷி, நிலா, இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

இந்தச் சப்ரகமுவ மாகாணத்திலேயே மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு நாற்பது கார்களை விற்கவிடாமல் தடுத்த ஒரே மனிதர் நம்முடைய டீமேக்கர் ஐயாதான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. காரின் பின் கதவை உள்ளேயிருந்து திறக்கத் தெரியாமல், இறங்க வேண்டிய இடம் தாண்டிய பிறகும் மரியாதைக்காகப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் றக்வானை பஜாரில் யார் பழைய கார் பார்க்கப் புறப்பட்டாலும் முதலில் அவர் வீட்டுக் கேட்டைத்தான் தட்டுவார்கள்.

மேலே தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருசம் டீமேக்கராக இருந்தவர். அரைத்த கொழுந்து காற்றுப்பட்டுப் பதமாகும் நேரத்தை மணிக்கூட்டைப் பார்க்காமல் மூக்கால் சொல்வாராம். பென்சன் வாங்கிய பிறகு அந்த மூக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. இரத்தினபுரியில் வெள்ளம் வந்தபோதெல்லாம் வேலை திரும்பக் கிடைத்தது. தண்ணீரில் நின்ற கார்களைக் கழுவி, மினுக்கி, மலைப்பக்கத்து ஆட்களின் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. ஹைபிரிட் கார் என்றால் பெட்டரி பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் அதைத்தான் விசாரிக்கும். டீமேக்கர் காருக்குள் ஏறி, கண்ணாடிகளை ஏற்றச் சொல்லி, கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுப்பார். பிறகு தீர்ப்பு.

என் கதைக்கு வருகிறேன். நிலா, கஹவத்தைக்கு இந்தப் பக்கமே பஸ்ஸில் வாந்தியெடுக்கிறவள் நீ. தர்ஷிக்கு இரத்தினபுரியில் டியூசன். கடைக்குச் சாமான் ஏற்றிய பழைய வேனில் உங்களை அழைத்துப்போனால் இறங்கும்போது மூவரும் கருவாடும் வெங்காயமுமாக மணப்போம். ஆகவே நல்ல நடுத்தர அளவில், டிக்கி உள்ள, ஹைபிரிட் குடும்பக் கார் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். அதை முதலில் உங்கள் அம்மாவிடம் சொல்லாமல் பஜார் முழுக்கச் சொன்னேன். இரண்டாவதாகச் செய்தது, காரைத் தேடுவதற்கு முன்பே வேனை விற்றது. வண்டியே இல்லாத மளிகைக் கடைக்காரன் றக்வானையில் நான் ஒருவன்தான். பருப்பு மூட்டை பஸ்ஸில், எனக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தது. வேன் விற்ற பணம் ஒரே ஒரு காருக்குத்தான் வரும். அது நல்லதாக அமைந்தால் உண்டு, இல்லையென்றால் நமக்கு மூட்டையும் பஸ்ஸும்தான்.

முதலில் புதுக் கார். சில வருசமாக நிறுத்திவைத்திருந்த வாகன இறக்குமதி திரும்பத் திறந்திருந்த நேரம். கொழும்பில் ஒரு பெரிய கண்ணாடிக் கடைக்கு டீமேக்கரையும் கூட்டிக்கொண்டு போனேன். கோப்பி தந்தார்கள். விலையைச் சொன்னார்கள். அந்தக் குளிர் அறையில் எனக்கு வேர்த்தது. மானத்தைக் காப்பாற்ற, டிக்கியைத் திறந்து, "இதுல எத்தன மூட்ட பருப்பு போகும்?" என்று கேட்டேன். டை கட்டிய பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது.

டீமேக்கர் காருக்குள் தலையை விட்டுவிட்டு உடனே வெளியே வந்தார். "பொறக்காத பிள்ளைக்கு நான் என்னத்த மொகம் பாத்து சொல்றது? பழசு பாப்போம் மொதலாளி."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று பஸ்ஸில் பாதி வழியில்தான் விளங்கியது.

பழைய கார் பார்க்கப் போவதற்கு அவர் சில சட்டங்கள் வைத்திருந்தார். கூட வருகிறவர் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. பவுடர் கூடாது. சென்ட் போட்டால் கேட்டோடு திரும்பிவிடுவார். நானும் பவுடர் இல்லாத முகத்தோடு, காய்ந்த தலையோடு போனேன். அன்று வழியில் கண்டவர்கள், வீட்டில் ஏதும் துக்கமா என்று விசாரித்தார்கள். அவர் மட்டும் சட்டைப் பையில் ஒரு சின்னத் தகர டப்பா வைத்திருப்பார். அதில் தன் தொழிற்சாலைத் தூள். ஒவ்வொரு காருக்கும் முன்னால் அதைத் திறந்து மோந்து, மூக்கைத் துப்புரவாக்கிக்கொள்வார்.

முதல் கார் பெல்மதுளையில், ஒரு கிளார்க்குடையது. நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். ஹைபிரிட்டைப் பற்றி ஒரு மாதமாக வாசித்து, பஜாரில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவன் அல்லவா. பட்டனை அமத்தினேன். சத்தமே இல்லை. திரும்ப அமத்தினேன். மூன்றாம் தடவையும் அமத்தினேன்.

"பெட்டரி எறங்கியிருக்கு போல," என்றேன், தெரிந்தவன் மாதிரி.

கிளார்க் பொறுமையாகச் சொன்னார். "மொதல் தடவையே ஸ்டார்ட் ஆயிருச்சுங்க. ரெண்டாவது தடவ நீங்க நிப்பாட்டினீங்க. இப்ப மறுபடி ஓடிக்கிட்டிருக்கு."

அதற்குள் டீமேக்கர் பின் சீட்டில் கண்ணை மூடி, ஒரு கையை சீட்டு இடுக்கில் ஊன்றி மோந்துகொண்டிருந்தார். "கருவாடு," என்றார். "மூட்டக் கணக்குல போயிருக்கு. சீட்டுக்கடியில உப்புத் தண்ணி வடிஞ்சிருக்கு. வேணாம்."

கிளார்க்கின் முகம் மாறிவிட்டது. "தங்கச்சி கல்யாணத்துக்கு நீர்கொழும்புலேர்ந்து கொண்டாந்தேன். ஒரே ஒரு தடவைங்க."

நான் பிரமித்துப்போனேன். கருவாட்டுக்கு மத்தியிலேயே வாழ்கிற என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது கார் இரத்தினபுரியில். வெள்ளை நிறம். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அதை ஓட்டிக்கொண்டு உங்கள் மாமா வீட்டு வாசலில் இறங்குவதாக மனசுக்குள் இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்துவிட்டேன். டீமேக்கர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, விட்டுவிட்டு, ஓர் இழுப்பு மோந்து, இரத்தினபுரியை மூழ்கடிக்கிற ஆற்றின் பெயரை மட்டும் சொன்னார். "களு கங்கை."

விற்கிறவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கதை இது மாத்தயா? இந்த வாகனம் மழையிலகூட நனைஞ்சதில்ல."

பக்கத்து மதிலுக்கு மேலால் ஓர் அம்மாவின் தலை தெரிந்தது. அவர் சிங்களத்தில், விற்கிறவரைத் தம்பி முறை வைத்து, நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். "மல்லி, வெள்ளத்தில மிதந்து வந்து எங்க கேட்டில முட்டிச்சே, அந்த வாகனம்தானே இது? எவ்வளவு வடிவா செஞ்சிருக்கீங்க."

நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

இப்படி ஏழு கார்கள். ஒன்றில் எலி, ஒன்றில் பழைய விபத்து, ஒன்றில் "பொய்" என்றார். பொய்க்கு என்ன வாசனை என்று நான் கேட்கவில்லை.

எட்டாவது கார் கேகாலையில், ஓய்வுபெற்ற ஒரு சிங்கள டீச்சருடையது. சாம்பல் நிறம். அதற்கு உங்கள் அம்மாவும் வந்தார். "ஏழு காரு தட்டிப் போச்சு. சாமிய கும்பிடாம போனா எப்பிடிங்க கெடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். டீமேக்கர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், நான் டீச்சரிடம் கார்ப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காருக்குள்ளிருந்து புகை வந்தது.

பெட்டரிதான் பற்றிக்கொண்டது என்று ஓடினேன். உங்கள் அம்மா கைப்பையில் கொண்டுவந்த சாம்பிராணிக் கிண்ணத்தைக் கொளுத்தி, காருக்குள் நாலு பக்கமும் காட்டிவிட்டு, வாசனை போகாமல் இருக்கக் கதவுகளையும் மூடிவிட்டிருந்தார்.

"என்னடி செஞ்ச? அவரு மோந்து பாக்கணும்."

"நல்ல வாசனதானே. மோந்து பாக்கட்டும்."

கிண்ணத்தை வெளியே எடுத்து, கதவுகளைத் திறந்து புகையை விரட்டினேன், வாசனை போகவில்லை. டீச்சருக்கு இருமல். எனக்குக் கண்ணீர். பவுடர்கூடப் பூசக் கூடாது என்ற சட்டம் எங்கே, இந்தச் சாம்பிராணி எங்கே. டீமேக்கர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். டப்பாவைத் திறந்து மோந்தார். காருக்குள் ஏறினார், கதவை மூடினார், கண்ணை மூடினார். கோவில் மூலஸ்தானம் மாதிரி இருந்த அந்தக் காருக்குள் ஓர் இழுப்பு இழுத்தார். வழக்கம்போல நான் போய்க் கதவைத் திறந்துவிட, இறங்கினார்.

"சுத்தமான காரு. உள்ள ஒரு வாசனையும் இல்ல. எடுங்க மொதலாளி."

உங்கள் அம்மா என்னைப் பார்த்தார். நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். டீச்சர் இன்னும் இருமிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, அந்த நிமிசத்தில் எனக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கொரோனாவில் அவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்கு முன்னால் கடைக்கு வந்தால் என் தேயிலைப் பெட்டியை மோந்து, "இத விக்க ஒங்களுக்கு மனசு வருதா?" என்று திட்டாமல் போகமாட்டார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட திட்டவில்லை. என் தூள் தரமாகிவிட்டது என்று நான் நாலு வருசமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கோபம்தான் முதலில் வந்தது. வேன் போய்விட்டது. ஏழு கார்கள் போய்விட்டன. மூக்கே இல்லாத மனிதரின் மூக்கை நம்பி உங்கள் இருவரின் காரை வாங்க நிற்கிறேன். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் டப்பாவைத் துடைத்து, கவனமாக மூடி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கேட்க முடியவில்லை.

"ஐயா, இன்னொரு தடவ பாத்துச் சொல்றீங்களா? மனசு கொஞ்சம் தடுமாறுது," என்றேன்.

"நூறு தடவ பாப்போம். வாங்குறது நீங்க," என்று திரும்ப ஏறினார்.

இந்தத் தடவை நான் அவருடைய மூக்கைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். முகம் மேலே தூக்கியபடி கண்ணை மூடியிருந்தது. கை மட்டும் தன்பாட்டில் வேலை செய்தது. கால்விரிப்பின் மூலையைக் கிளப்பி, கீழே உள்ள பஞ்சை விரலால் உருட்டிப் பார்த்தது. பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, ஒருநாளும் வெளியே வராத அந்த நுனியைத் தடவியது. சீட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளின் தலையை நகத்தால் சுரண்டியது. கடைசியாக, பின் சீட்டுக்குப் பக்கத்தில் பெட்டரி மூச்சு விடுகிற சின்ன ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டு, எதையோ எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தது. கொழுந்து பதமாகிவிட்டதா என்று முப்பது வருசம் பார்த்த விரல்கள். பெல்மதுளையில் சீட்டு இடுக்கில் அந்தக் கைக்கு மீன் செதில் அகப்பட்டிருக்கும். இரத்தினபுரியில் பெல்ட்டின் நுனியில் காய்ந்த சேற்றுத் துகள்.

"டீச்சர், நாய் வளத்தீங்களா?" என்று கேட்டார், கண்ணைத் திறக்காமலே.

டீச்சருக்கு ஆச்சரியம். "அனே, இருந்திச்சு. பின் சீட்லதான் படுக்கும். போன வருசம் செத்திருச்சு."

"அதான் வாசன வருது," என்றார் டீமேக்கர். என் பக்கம் திரும்பி, "ஓட்டையில நாய் முடி அடைச்சிருக்கு மொதலாளி. பெட்டரிக்கு மூச்சு முட்டும். கராஜ்ல சொல்லி முடிய எடுத்துட்டீங்கன்னா பிள்ளைங்க கல்யாணம் வரைக்கும் ஓடும்."

"எடுக்கிறேன் ஐயா," என்றேன்.

உங்கள் அம்மா ஏதோ சொல்ல வந்தார். நான் அவர் காலை மிதித்தேன். ஏன் மிதித்தேன் என்று இன்றுவரை கேட்கிறார். அடுத்த நாள் கராஜில் மெக்கானிக் பாஸ் கம்ப்யூட்டரை மாட்டி, ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு, அதே நாய் முடியைத்தான் சொன்னார். டிக்கியில் மூன்று மூட்டை பருப்பு போகிறது. நிலா இன்னும் வாந்தியெடுக்கிறாள், ஆனால் சொந்தக் காரில்.

இதையெல்லாம் எழுதிவிட்டீர்களே அப்பா, அவர் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று தர்ஷி கேட்பாள். அவர் தேயிலை ஏல விலையைத் தவிர வேறெதையும் வாசிப்பதில்லை. மற்றவர்கள் சொல்லிவிடமாட்டார்களா என்றால், மாட்டார்கள். பஜாரில் பாதிப் பேர் அவர் மோந்து கொடுத்த காரில்தான் போகிறார்கள். அந்த மூக்கைப் பற்றிக் குறை சொன்னால் யாருடைய காருக்கு நட்டம்? நீங்களும் அவரிடம் போய்க் கேட்கக் கூடாது. அவர் வீட்டுக் கேட்டைத் தட்டுகிறவர்கள் வேறு எதற்காகவும் தட்டுவதில்லை.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை, பின் சீட்டில் அந்தத் தகர டப்பா கிடந்தது. இறங்கும்போது விழுந்திருக்கும். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. திறந்து மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. எந்தக் காலத்துத் தூளோ, ஈரம் பட்டுக் கட்டிபட்டு, வாசனை எல்லாம் போய் வெறும் மண்ணாக இருந்தது.

அதைக் கொட்டினேன். டப்பாவைத் துணியால் துடைத்தேன். முந்தின நாள் அவருடைய பழைய தொழிற்சாலையிலிருந்தே வந்த பெட்டியை உடைத்து, அதில் நல்ல தூளாகப் பார்த்து எடுத்து நிரப்பினேன். மூடுவதற்கு முன்னால், அவருக்கும் சேர்த்து, ஒரு தடவை ஆழமாக மோந்தேன். பிறகு, அவர் தேடி வந்து தானே எடுத்துக்கொள்ளட்டும் என்று, அதை எடுத்த இடத்திலேயே, பின் சீட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.