இடுப்புக்கு அடங்காத துப்பாக்கி

என்னுடைய ஐம்பத்தெட்டாவது வயதில் நான் ஆயுதபாணி ஆவதென்று முடிவெடுத்தேன். சிரிக்காதீர்கள். டென்னசி மலைப்பக்கத்தில் இந்த முடிவுக்கு இத்தனை வயதுவரை காத்திருந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான். எங்கள் ஊரில் பல் டாக்டர் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார். தபால்காரர் வைத்திருக்கிறார். பியானோ டீச்சர் இரண்டு வைத்திருக்கிறார். எதற்கென்று யாரும் கேட்டதில்லை. மான் வேட்டைத் துப்பாக்கி என்னிடமும் உண்டுதான். ஆனால் அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு சர்ச்சுக்குப் போக முடியாது.

சர்ச்சுதான் விஷயமே. எங்கள் சர்ச்சில் ஆராதனை நேரத்தில் காவலுக்காக ஒரு பிரதர் வாசலை ஒட்டிக் கடைசிப் பெஞ்சில் உட்காருவார். அவர் உடுப்புக்குள் ஒரு கைத்துப்பாக்கி இருக்கும். இருப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் யார் கண்ணிலும் படக்கூடாது. அதுதான் ஒழுங்கு. பதினோரு வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்த பிரதர் ஆர்வில், மகளோடு இருக்க ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். பெஞ்சு காலி.

இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சர்ச்சில் எனக்குக் கிடைத்த ஒரே ஊழியம் நாற்காலி மடக்குவது. ஒருமுறை பாட்டுக் குழுவில் சேர்த்தார்கள். ஒரே வாரத்தில், "பிரதர் டெல்பர்ட், இனிமே நீங்க மனசுக்குள்ளயே பாடுங்க" என்றார்கள். எனக்கும் ஒரு மரியாதை வேண்டாமா? உள்ளே வருகிறவன் ஒவ்வொருவனும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் அவனை ஏற இறங்கப் பார்க்கவேண்டும். இந்த ஒரு ஆசைதான் எனக்கு.

சர்ச்சு நிர்வாகம் பார்க்கிற டீக்கன் ஹோல்லிஸிடம் பெயர் கொடுத்தேன். அவர் இரண்டு நிபந்தனை சொன்னார். ஒன்று, துப்பாக்கி வெளியே துளியும் தெரியக்கூடாது. வயதான சிஸ்டர்கள் பயப்படுவார்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து ஒரு பரீட்சை. ஏழு கஜ தூரத்தில் காகிதம் மாட்டியிருக்கும். இருபத்தைந்து குண்டில் குறைந்தது இருபது குண்டு வட்டத்துக்குள் விழவேண்டும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ட்ரீவா பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ட்ரீவா, நான் கைத்துப்பாக்கி வாங்கப் போறேன்."

"எதுக்கு?"

"சர்ச்சக் காப்பாத்த."

"அதக் காப்பாத்த மேல ஒருத்தர் இருக்காரே."

"அவருக்கு ஒத்தாசையா."

"ம்க்கும். போன வாரம் கோழிக்கூண்டுல பாம்புன்னு நான் கத்தினேனே, அப்ப தாங்கள் எங்க இருந்தீங்க?"

"காருக்குள்ள."

"கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு."

"பாம்பு வேற, திருடன் வேற, ட்ரீவா."

"வாஸ்தவம். திருடனுக்குக் கார்க் கதவத் திறக்கத் தெரியும்."

கொஞ்ச நேரம் மாவைக் குத்தினாள். பிறகு, "சரி, வாங்குங்க. ஆனா மொதல்ல ஒரு வாரம் வீட்டுல கட்டிப் பாருங்க. என் கண்ணுக்குத் தப்பினா ஊர்ல எவ கண்ணுக்கும் தப்பும்" என்றாள். இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது எனக்கே ஆச்சரியம். கல்யாணத்துக்குக்கூட எட்டு மாதம் யோசித்தவள்.

ஆர்லிஸ் கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் துப்பாக்கியும் தூண்டில் புழுவும் ஒரே கடையில்தான் கிடைக்கும். ஆர்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு மூன்று கைத்துப்பாக்கிகளை எடுத்து வைத்தான். பெரியது, நடுவாந்திரம், உள்ளங்கையில் அடங்கும் குட்டி.

"பெருசு சுட சுகம், மறைக்கக் கஷ்டம். குட்டி மறைக்க சுகம், சுடக் கஷ்டம். நடுவாந்திரம் ரெண்டுக்கும் சுமார்."

"எல்லாத்துக்கும் நல்லதா ஒண்ணு இல்லையா?"

"அப்படி எனக்குப் பொண்டாட்டியே அமையல பிரதர், துப்பாக்கிக்கு எங்க போறது? நடுவாந்திரம் எடுங்க. உங்க கைக்கு அதான்."

வாங்குவதற்கு முன்னால் கட்டிப் பழக, அதே அளவில் நீல பிளாஸ்டிக்கில் ஒரு பொம்மையைக் கொடுத்தனுப்பினான். சுடாது, கடிக்காது. ஏகப்பட்ட யோசனையோடு வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை வலது இடுப்பில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டேன். என் வயிற்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது எனக்கு முன்னால் போகிற வயிறு. பெல்ட் அதற்குக் கீழே எங்கேயோ தலைமறைவாக வாழ்கிறது. நான் சமையலறைக்குள் நுழைந்ததும் ட்ரீவா தலையைக்கூடத் தூக்காமல், "வலது இடுப்பு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை முதுகுப் பக்கம். "முதுகு. இல்லேன்னா ஏன் சோபா நுனியில, வேலை கேட்டு வந்தவன் கணக்கா உக்காந்திருக்கீங்க?"

புதன்கிழமை கணுக்கால். "இடது கால். உங்க நொண்டலப் பார்த்து கோழியெல்லாம் வழிவிடுது."

வியாழக்கிழமை கக்கம். "கக்கத்துல. கைய அப்படி அகட்டி வெச்சுக்கிட்டு யாராவது கிரேவி ஊத்துவாங்களா? மேஜையத் துடைங்க."

வெள்ளிக்கிழமை கால்சட்டைப் பை. அன்றைக்கு அவள் வாய் திறக்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. தீவனக் கடையில், மூன்று பேர் முன்னிலையில், கால்சட்டை தானாகவே இறங்கிவிட்டது. மூவரும் எங்கள் சபைக்காரர்கள்தான். இரண்டு பேர் எனக்காக ஜெபித்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

அன்று சாயங்காலம் நான் வராந்தாவில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ட்ரீவா காப்பி கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மனச விடாதீங்க. அந்தக் குட்டி இருக்கே, அத எடுங்க. உங்களுக்கு அதான் அடங்கும்."

"ஆர்லிஸ் நடுவாந்திரம்தான்ங்கிறான்."

"அவனுக்கென்ன தெரியும்? அவன் புழு விக்கிறவன்."

எவ்வளவு ஆறுதலான வார்த்தை! மறுநாளே குட்டியை வாங்கினேன். ஆர்லிஸ் தலையைச் சொறிந்தான். "பிரதர், ஆளு குட்டியே தவிர உதை பலமா இருக்கும். ரெண்டு விரலுக்குத்தான் பிடி. தினம் சுட்டுப் பழகணும்."

"மான் சுட்ட கைப்பா இது."

"மான் சுடுறது தோள் பிரதர், கை இல்ல."

காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழகுவதற்கென்று அஞ்சு குண்டு சுட்டேன். பெருவிரல் வீங்கிவிட்டது. சரி, கையைப் பரீட்சைக்குப் பத்திரமாக வைத்துக்கொள்வோம் என்று நிறுத்திவிட்டேன். மறைப்பதில் மட்டும் ஒரு குறை வைக்கவில்லை. குண்டை எடுத்துவிட்டு, வெறும் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கண்ணாடி முன்னால் குனிந்தேன், நிமிர்ந்தேன், காணிக்கைத் தட்டு நீட்டுவதுபோல நீட்டினேன். ட்ரீவா என்னை ஒரு சுற்று சுற்றவைத்துப் பார்த்தாள்.

"தெரியலைங்க! சத்தியமா தெரியல!"

சந்தோஷத்தில் அவளைக் கட்டிப் பிடிக்கப் போனேன். "கை மாவா இருக்கு" என்று சட்டென்று விலகிக்கொண்டாள். அன்றைக்கு அவள் மாவே பிசையவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும். செவ்வாயும் வியாழனும் ஆர்லிஸின் தங்கச்சியிடம் தையல் வகுப்பு என்று அவள் ஒன்றரை மாசமாகப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒரு கைக்குட்டைகூட வரவில்லை.

பரீட்சை நாளும் வந்தது. ஆர்லிஸ் கடைக்குப் பின்னால், மண்மேட்டின் முன்னே காகிதம் மாட்டியிருந்தது. டீக்கன், பாஸ்டர், ஆர்லிஸ் மூவரும் காது மூடியோடு நின்றார்கள். ட்ரீவா எலுமிச்சை ஜூஸ் ஜாடியோடு என்கூட வந்திருந்தாள், எனக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று.

டீக்கன் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "துப்பாக்கி எங்க இருக்குன்னே தெரியல. சபாஷ் பிரதர்!" எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் பெஞ்சு என் கண் முன்னால் நின்றது.

முதல் குண்டு சுட்டேன். குட்டி என் கையைவிட்டுக் குதிக்கப் பார்த்தது. இரண்டாவது குண்டு மண்மேட்டுக்குப் போனது. மூன்றாவதும் அதற்குத் துணைக்குப் போனது. அப்புறம் நான் கண்ணை மூடிக்கொண்டு சுட்டதாக ஆர்லிஸ் சொல்கிறான். அது பொய். ஒரு கண்ணைத்தான் மூடினேன். இன்னொன்று தானாக மூடிக்கொண்டது. ஒரு குண்டு, காகிதத்துக்கு மேலே கிளையில் தொங்கிய பறவைத் தீனிப் பெட்டியைப் பெயர்த்தது.

டீக்கன் போய் எண்ணினார். எனக்காக இரண்டாம் தடவையும் எண்ணினார்.

"ஒன்பது, பிரதர்."

"ஓரத்துல பட்டது?"

"அதையும் சேர்த்துத்தான்."

மறுபடியும் நாற்காலி. சாகும்வரை நாற்காலி. இப்படி நான் நொந்துபோய் நிற்கும்போது ட்ரீவா ஜாடியைக் கீழே வைத்தாள்.

"பிரதர் ஹோல்லிஸ், நான் சுட்டுப் பார்க்கலாமா?"

டீக்கன் விழித்தார். "சிஸ்டர், அதுக்குத் துப்பாக்கி வெச்சுக்க சர்க்கார் அனுமதி அட்டை வேணுமே."

ட்ரீவா கைப்பையிலிருந்து பைபிளை எடுத்துத் திறந்து, சங்கீதப் பக்கத்திலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவள் போட்டோவோடு, போன மாதத் தேதியோடு அசல் அட்டை.

"சரி... துப்பாக்கி?"

"இருக்கு."

"எங்க?"

"எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

நான்கு ஆண்பிள்ளைகளும் திரும்பி நின்று காட்டைப் பார்த்தோம். பாஸ்டர் கூடுதலாகக் கண்ணையும் மூடிக்கொண்டார். "ஆச்சு" என்று குரல் வந்தது. திரும்பினால் அவள் கையில் நடுவாந்திரம்! அதே பூப்போட்ட கவுன். அதில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

சுட்டாள். இருபத்தைந்துக்கு இருபத்துநாலு. ஒன்று ஏன் தவறியது என்று அவளே வருத்தத்தோடு ஆர்லிஸிடம் விசாரித்தாள். "மூச்ச விட்டுட்டீங்க சிஸ்டர். என் தங்கச்சி சொல்லித் தரலையா?" என்றான் அந்தத் துரோகி.

அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

"எப்பலேருந்து ட்ரீவா இதக் கட்டிக்கிட்டிருக்க?"

"நீங்க நீலப் பொம்மைய எடுத்துட்டு வந்தீங்களே, அந்தத் திங்கட்கிழமைலேருந்து."

"மூணு வாரமாவா? வீட்டுலயா? என் பக்கத்துலயா?"

"உங்களுக்குக் காப்பி கொடுத்தேன். முடி வெட்டிவிட்டேன். உங்க இடுப்பு, முதுகு, கணுக்கால்னு தினம் ஒண்ணா நான் கண்டுபிடிச்சேன்ல, அப்பல்லாம் இது என் மேலதான் இருந்துச்சு."

"எனக்குத் தெரியவே இல்லையே!"

"எப்படித் தெரியும்? நீங்க என்னைப் பார்த்தாத்தானே! ஜனவரில முடிய அரையடி வெட்டினேன். இன்னிக்கு வரைக்கும் கேட்டீங்களா?"

பார்த்தேன். ஆமாம், முடி குட்டையாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அப்ப குட்டிய வாங்கச் சொன்னது?"

"உங்களுக்கு அது சரிப்படாதுன்னு தெரிஞ்சுதான்."

"அடிப்பாவி! எனக்கு அந்த இடம் எவ்வளவு முக்கியம்னு தெரியும்ல?"

"தெரியும். எனக்கு எவ்வளவு முக்கியம்னு உங்களுக்குத் தெரியுமா?" ட்ரீவாவின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "இருபத்தாறு வருஷத்துல ஒரு பிரசங்கத்தையாவது நான் முழுசா கேட்டிருக்கேனா? பாதியில எழுந்து சர்ச் சமையலறைக்கு ஓடணும். ஆராதனை முடிஞ்சு நடக்கிற விருந்துக்குச் சூடு பண்ணணும், பரிமாறணும், எண்பது பேர் தின்ன பாத்திரத்தக் கழுவணும். வாசல் காவலுக்கு இருக்கிறவங்கதான் இடத்தவிட்டு அசையக்கூடாது. நானும் ஒரு தடவையாவது ஆமென் வரைக்கும் உக்காந்திருக்க வேணாமா?"

தப்பு முழுக்க என்மேல் இல்லையென்றாலும், பாத்திரத்தில் பாதி நான் தின்ற பாத்திரம். டீக்கன் அவள் கையைக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, சபையின் ஒழுங்கை ஞாபகப்படுத்தினார். சமையலறை வேலை வீட்டுக்கு ஒரு ஆள் என்று கணக்கு. சிஸ்டருக்கு வேறு ஊழியம் வந்துவிட்டால், அந்த வேலை அதே வீட்டிலிருக்கும் அடுத்த ஆளுக்கு. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே ஆள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெஞ்சில் ட்ரீவா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்த ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிரசங்கம் பாதி நடக்கும்போது எனக்கு ஜாடை காட்டினார்கள். எழுந்து, அவளைத் தாண்டி, சமையலறைக்குப் போனேன். அங்கே பொறுப்பிலிருந்த சிஸ்டர் நோர்வெல்லா ஒரு பெரிய ஏப்ரனை என் கழுத்தில் மாட்டி, பின்னால் இறுக்கிக் கட்டிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

"அட, பிரதர் டெல்பர்ட்! இந்த ஏப்ரனுக்குள்ள ஒரு பீரங்கியவே ஒளிச்சு வெக்கலாம் போலிருக்கே!"

ஒளிக்கலாம்தான் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு, நான் முதல் தட்டைக் கழுவ ஆரம்பித்தேன்.