எருமையைத் தாண்டி லெஃப்ட்

பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வித்தை, வழி சொல்வது. ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருமுனையில் நின்றால் ஒரு நாளைக்கு நாலு பேராவது என்னிடம் கேட்பார்கள். "நேரா போங்க, மாரியம்மன் கோயில் வரும், அதைத் தாண்டி பேக்கரி, பேக்கரி கிட்ட லெஃப்ட்" என்று அனுப்பிவைப்பேன். (போனவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. சேர்ந்திருப்பார்கள் என்று நானே எடுத்துக்கொண்டேன்.) இந்த வித்தையை வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கவிழ்க்கப் பார்த்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெண் என் மனைவி கலாவின் தங்கை செல்வி. வாரநாட்களில் டிரைவிங் ஸ்கூலில் ஊராருக்கு கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுப்பாள். லீவு நாளில் தன் பழைய காரை மண் ரோட்டில் விரட்டி ராலி என்கிற கார் பந்தயம் ஓட்டுவாள். ராலி டிரைவருக்கு என்ன வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து இருந்தது. "பயம் இருக்கக் கூடாது, பிரேக் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்!" என்று சாப்பிடும்போது பிரசங்கம் பண்ணுவேன். அவள் சாம்பாரை ஊற்றிக்கொண்டே "சரி மாமா" என்பாள்.

ஆனேக்கல் பக்கம் ஒரு கிளப் நடத்திய ராலிக்கு இரண்டு நாள் முன்னால் அவளுடைய நேவிகேட்டருக்கு டெங்கு வந்துவிட்டது. நேவிகேட்டர் என்றால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்து வரும் வளைவை நோட்டைப் பார்த்து முன்கூட்டியே படித்துச் சொல்பவர். அதற்கென்று தனி லைசென்ஸ் வேண்டும்; அது என்னிடம் இருந்தது. (ஆபீசில் எடுத்துக் காட்டுவதற்காகவே போன வருஷம் வாங்கி பர்சில் வைத்திருந்தேன்.)

"மாமா, இந்த வாட்டி பெரிய டீம் மேனேஜர் ஒருத்தர் பார்க்க வர்றார். மூணாவது இடத்துக்குள்ள வந்தா அடுத்த வருஷம் டீம் கார் எனக்கு. இல்லேன்னா இதோட நிறுத்திக்க வேண்டியதுதான். என் வண்டி இன்னொரு வருஷம் தாங்காது" என்றாள்.

"நான் இருக்கேன்ல!" என்றேன். கலா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் அந்தப் பாதையில் இரண்டு முறை மெதுவாகப் போய்ப் பார்க்க விடுவார்கள். செல்வி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நூறு மீட்டர், லெஃப்ட் மூணு. மேடு. ரைட் ரெண்டு." எண் குறையக் குறைய வளைவு மோசம் என்று அர்த்தமாம். நோட்டு முழுக்க எண்கள். சாயங்காலம் ஆனேக்கல் லாட்ஜில் அதைப் புரட்டியபோது எனக்கு அவள் மேல் பரிதாபமாக இருந்தது. லெஃப்ட் மூணு என்றால் எந்த மனுஷனுக்குப் புரியும்? பாவம், பிள்ளைக்கு வழி சொல்லத் தெரியவில்லை!

உடனே புது நோட்டு வாங்கி, முத்துமுத்தான கையெழுத்தில் எல்லாவற்றையும் நம் முறைப்படி மாற்றி எழுதினேன். "போர்வெல் கிட்ட ரைட்." "எருமையைத் தாண்டி லெஃப்ட்." "கரும்பு ஜூஸ் வண்டி, மெதுவா." பழைய நோட்டை லாட்ஜிலேயே வைத்துவிட்டு வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கொடி அசைந்ததும் கார் கிளம்பிய வேகத்தில் நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஹெல்மெட் மைக்கில் கத்தினேன்: "போர்வெல் கிட்ட ரைட்!"

"எந்த போர்வெல் மாமா?"

போர்வெல் போன பிறகு கேட்கிறாளே என்று பார்த்தால், அவள் ஏற்கெனவே திரும்பியிருந்தாள். அடுத்த வரியைப் படித்தேன். "எருமையைத் தாண்டி லெஃப்ட்!"

எருமையைக் காணோம். போட்டிக்காக ரோட்டை அடைத்ததால் ஆடு மாடு எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் வீட்டில் கட்டிவிட்டிருந்தார்கள். கரும்பு ஜூஸ் வண்டியும் லீவு. என் நோட்டில் இருந்த ஊர் வேறு, எதிரே வந்துகொண்டிருந்த ஊர் வேறு.

"எருமை எங்க மாமா?" என்று கேட்டாள். தக்காளி விலை கேட்கிற குரல். கோபமோ பதற்றமோ துளிகூட இல்லை. அதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம்.

"அது... நேத்து இங்கதான் நின்னுச்சு..."

"நோட்டை மூடிடுங்க மாமா. நானே சொல்லிக்கிறேன்."

சொன்னாள். இரண்டே முறை பார்த்த பாதையை அவளே முணுமுணுத்தபடி ஓட்டினாள். "நூறு... லெஃப்ட் மூணு... மேடு..." தைல மரங்கள் ஜன்னலை உரசிக்கொண்டு போயின. நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அவள் கையோ காலோ ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. சில இடங்களில் "இது ஞாபகம் இல்ல" என்று அவளே சொல்லி வேகத்தைக் குறைத்தாள். தெரியாததைத் தெரியாது என்று அந்த வேகத்திலும் ஒத்துக்கொள்ள முடிகிறது அவளால்! எனக்குத் தெருமுனையில் சும்மா நிற்கும்போதே முடிந்ததில்லை.

ஒரு மேட்டுக்கு முன்னால் காரணமே இல்லாமல் பிரேக் பிடித்தாள். ஏறிப் பார்த்தால் அந்தப் பக்கம், எங்களுக்கு முன்னால் போன கார் பாதி ரோட்டை மறித்துப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒதுங்கிப் போனோம்.

"எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றேன்.

"முன்னாடி போன வண்டிப் புழுதி ரோட்டு மேல இல்லாம சைடுல நின்னுச்சு மாமா. ரைட் ரெண்டு..."

நான் பார்த்ததும் அதே புழுதிதான். எனக்கு அது புழுதியாகத்தான் தெரிந்தது. பயத்தை மறந்து வாயைப் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாலாவது இடம்.

காரை விட்டு இறங்கியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. "மன்னிச்சிடும்மா, உன் கோபம் தீர என்ன வேணா சொல்லு" என்றேன்.

"கோபம் காருக்குள்ளேயே வந்துச்சு மாமா. ஓட்டும்போது வச்சுக்கிட்டா கை நடுங்கும்னு தள்ளி வச்சேன்" என்று ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள். "இப்ப ஃப்ரீதான்."

அடுத்த பத்து நிமிஷம் அவள் திட்டியதை எழுதினால் இதைப் பிரசுரிக்க மாட்டார்கள்.

நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது அந்த மேனேஜர் வந்தார். எங்கள் காருக்குள் இருந்த கேமராவின் வீடியோவை முழுதாகப் பார்த்திருக்கிறார், சத்தத்தோடு. என்னிடம்தான் முதலில் வந்தார். "எம்மெ எல்லி சார்?" என்றார் கன்னடத்தில். எருமை எங்கே என்று கேட்கிறார்! சிரித்துச் சிரித்து மனுஷனுக்குப் புரையேறிவிட்டது. பிறகு செல்வி பக்கம் திரும்பினார், சிரிப்பு நின்றுவிட்டது. நோட்டும் இல்லாமல், பக்கத்தில் இப்படி ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு நாலாவதாக வந்தவளுக்கு சீட் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்றார். ஒரே நிபந்தனை: நான் ஏறக் கூடாது.

இன்று வரை வீட்டில் நான் யாருக்காவது வழி சொல்ல வாயைத் திறந்தால், "ஏங்க, எருமை இன்னும் அங்கேயே நிக்குதான்னு கேட்டுக்கிட்டு சொல்லுங்க" என்கிறாள் கலா. மகள் போனில் மேப்பைத் தட்டிவிடுகிறாள். நானும் இப்போதெல்லாம் யாராவது கேட்டால் "தெரியலைங்க" என்று சொல்லப் பழகிவருகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

டீம் கார் வந்த அன்று செல்வி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். டிரைவர் பக்கக் கதவில் அவள் பெயர், இந்தப் பக்கம் புது நேவிகேட்டரின் பெயர். அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு எருமை ஸ்டிக்கர். "ஒவ்வொரு ராலியிலயும் நீங்க கூட வரணும்ல மாமா" என்றாள்.

வெட்கமே இல்லாமல் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். பர்சில் லைசென்ஸ் இருந்த இடத்தில் இப்போது அதுதான் இருக்கிறது.