கேட்டலிஸ்டுக்குப் போட்ட திருநீறு

ஓசூர்,
9.11.2005

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் தங்கதுரை வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே மோகனப்ரியாவும் நானும் சுகம். தங்கள் சுகத்தையும் அத்தையின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் வாய் வரவில்லை.

தாங்கள் பழனியிலிருந்து அனுப்பிய திருநீறு விஷயம்தான். எங்கள் கம்பெனியில் மெத்தனாலை ஸ்பிரே டப்பாவில் அடைக்கிற வாயுவாக மாற்றுகிறோம் அல்லவா, அதற்கு முன்பெல்லாம் கந்தக அமிலம் ஊற்றி, குழாயெல்லாம் ஓட்டை. இப்போது திட அமிலம் வந்திருக்கிறது, கேட்டலிஸ்ட் என்போம், ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும், பார்த்தால் அமிலம் என்றே தோன்றாது, அங்கேதான் ஏமாந்தேன். ஆயுத பூஜையன்று எல்லோரும் கேட் பக்கம் பூசணிக்காய் உடைக்கப் போயிருந்தார்கள். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று, உள்ளே போகிற இதற்கு மட்டும் ஒன்றுமில்லையே என்று மனசு கேட்காமல், திருநீற்றுப் பொட்டலம் முழுவதையும் கேட்டலிஸ்ட் கொட்டிவைத்திருந்த டிரம்மில் கொட்டி, பன்னீர் தெளித்து, நன்றாகக் கிளறியும் விட்டேன். திருநீறு சாம்பல், சாம்பல் காரம், காரம் பட்டால் அமிலம் செத்துப்போகும். எட்டாம் வகுப்புப் பாடம் மாமா. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி.

ரியாக்டருக்குள் மெத்தனாலாகப் போனது மெத்தனாலாகவே வெளியே வந்தது. பெங்களூர் லேபில் சாம்பல் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். டிரம் கழுவுகிற ராயக்கோட்டைக் கங்கப்பன்தான் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்க வேண்டும் என்று மேனேஜர் முடிவுகட்டி, தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். "வெறும் தண்ணியிலதான் சார் கழுவுனேன், நீங்களாச்சும் சொல்லுங்க" என்று கங்கப்பன் என் முகத்தையே பார்த்தார். நான் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

அதைச் சொன்னதிலிருந்து மோகனப்ரியா என்னோடு பேசுவதில்லை, சோறு மட்டும் போடுகிறாள். நாளைக் காலை மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன். வேலை போனால் பெட்டியோடு அங்கே வருவோம், பொறுத்துக்கொள்ளவும். இனிமேல் திருநீறு அனுப்ப வேண்டாம். அத்தைக்கு என் நமஸ்காரம்.

தங்கள் ஆசியை எதிர்பார்க்கவும் கூசும்
மருமகன் தங்கதுரை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கங்கப்பன் வீட்டுக்கு வந்தார். ஒரு பை தக்காளியும் ஒரு பொட்டலம் திருநீறும் கொண்டுவந்திருந்தார். "போன தடவ அந்த டிரம்முக்குப் பூஜ போடாம விட்டுட்டோம் சார், அதான் கெட்டுப்போச்சு. புதுசு வந்தா உங்க கையால இதப் போட்டுருங்க" என்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன் மாமா. மேலே 'நாளைக் காலை' என்று எழுதியிருப்பதை, நாளை மறுநாள் என்று படித்துக்கொள்ளவும்.