பள்ளம் மூடும் முகூர்த்தம்

தேர்தல் எப்போது வரும் என்பது ஆளுங்கட்சித் தலைவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மந்தைவெளியில் எங்கள் தெருவை மழைநீர் வடிகாலுக்காகக் குறுக்கே வெட்டிய பள்ளம் எப்போது மூடப்படும் என்பதும் அதே ரகசியம்தான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மீன்கார எஸ்தரக்கா. இந்தப் பக்கம் வாங்குகிறவர்கள். நடுவே ஆடுகிற பலகை ஒன்று.

"ஃபிளாட்டுக்காரங்க ஒருத்தரும் தாண்டி வர்றதில்ல கீர்த்தி. சங்கராவெல்லாம் கருவாடா போய்க்கினு கீது. காலேஜில அரசியல்தானே படிக்கிற? போய்க் கேளு."

கேட்டேன். மாநகராட்சி உதவிப் பொறியாளர் விஜயராகவன் உட்காரவைத்து விளக்கினார்.

"சீக்கிரம் மூடினா ஓட்டுப் போடறதுக்குள்ள ஜனங்க மறந்துடுவாங்கம்மா. தேர்தல் அறிவிச்சுட்டா நடத்தை விதி, ஒரு கூடை மண்ணு போட முடியாது. தலைவர் என்னிக்கு அறிவிப்பார்னு சொல்லுங்க, முந்தின நாளே மூடிடறேன்."

"அதுக்குள்ள மழை வந்தா?"

"மழைக்கு ஓட்டு இல்லையே."

பொதுநலன் கருதித் தெருவே ஆராய்ச்சியில் இறங்கியது. தலைவர் மீசைக்கு மை பூசியிருக்கிறார், ஆகவே தையில் தேர்தல் என்றது ஒரு தரப்பு. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சிதம்பரநாதன் அண்ணாச்சி மறுத்தார்: "கரைவேட்டிக்கு ஆர்டரே வரல, பாத்துக்கிடுங்க. தையில கெடையாது."

கடைசியில் வட்டச் செயலாளர் லாசர் உண்மையைக் கக்கினார்: "தலைவர் ரோட்டைத்தான் பாத்துக்கினு கீறாரு. பள்ளமெல்லாம் மூடினா தேர்தல்."

அதாவது பொறியாளர் தலைவருக்காகக் காத்திருக்கிறார், தலைவர் பொறியாளருக்காகக் காத்திருக்கிறார். அரசியல் படிக்கிறவள் சும்மா இருப்பேனா? "நாமளே மூடிடலாம்!" என்றேன். ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடி, இடித்த கட்டட மண்ணைக் கொட்டி மூடியது. எஸ்தரக்கா எல்லோருக்கும் நெத்திலி வறுத்துக் கொடுத்தார்.

பக்கத்துத் தெருப் பொறியாளர்கள் பார்த்தார்கள். மந்தைவெளிக்கு மேலிடத்துத் தகவல் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, அடையாறு வரை அவரவர் பள்ளத்தை அவசரமாக மூடினார்கள். அண்ணாச்சிக்குக் கரைவேட்டி ஆர்டர் குவிந்தது. காரில் போன தலைவர் உடம்பு குலுங்காததைக் கவனித்து, "மக்கள் தயார்" என்று திருவாய் மலர்ந்தாராம்.

மறுநாள் காலை விஜயராகவன் ஜேசிபியோடு வந்து இறங்கினார்.

"அனுமதியில்லாம மூடின பள்ளம் இது. முறைப்படி மூடணும்னா முதல்ல தோண்டணும்."

தோண்டி முடிக்கும்போது மாலை. அந்த மாலையில்தான் தேர்தல் அறிவிப்பு வெளியானது.

"நடத்தை விதிம்மா," என்று கையை விரித்தார்.

வாக்குப்பதிவு நாள் வந்தது. வாக்குச்சாவடி பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். மீன் வாங்க வராத ஃபிளாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அன்று ஜனநாயகக் கடமையாற்றப் பலகையில் வரிசையாக நடந்து வந்தார்கள். எஸ்தரக்கா முகம் மலர்ந்து கூடையைத் திறந்தார்.

"வஞ்சரம் கீது! நெத்திலி கீது! வாம்மா, வா நைனா!"

ஒருவரும் திரும்பவில்லை. விரலில் மை காய்வதற்குள் பெரிய விவாதம் மூண்டுவிட்டது: அடுத்த தேர்தல் எப்போது? சட்டப்படி ஐந்து வருடம், ஆனால் முன்கூட்டியே வர வாய்ப்புண்டு என்று நான் ஆதாரங்களோடு நிறுவிக்கொண்டிருந்தேன்.

"கீர்த்தி, நீயாவது வாங்கேன்," என்று பின்னால் யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது.

"இருங்கக்கா," என்றேன். "முக்கியமான பாயிண்ட்ல இருக்கேன்."