உயர்ந்த வண்டி

மனித குலம் குகையிலிருந்து வெளியே வந்ததே பெரிய டயர் போடத்தான். அதுவரை சிறிய டயரை வைத்துக்கொண்டு நாம் எப்படி மானத்தோடு உயிர் வாழ்ந்தோம் என்பதை வரலாறு விளக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த உண்மையைத் தாமதமாகவேனும் உணர்ந்தவர்களில் ஒருவன்தான் நம் கதாநாயகன். பகலில் ஓர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் சம்பளப் பட்டியல் தயாரிப்பான். மாடிக்கு லிஃப்டில் போவான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பெயர் 'கரடுமுரடு'. 'பாதையில்லாப் பயணிகள் பேரவை' அளித்த பட்டம் அது. நான்கு சக்கரமும் இழுக்கும் குட்டி ஜீப் வைத்திருப்போர் மட்டுமே உறுப்பினராக முடியும். பேரவை கூடும் இடம், ஒரு வணிக வளாகத்தின் வழவழப்பான கார் நிறுத்தம். வேகத்தடை என்பது மலை வகையைச் சேர்ந்ததா என்று சென்ற கூட்டத்தில் விவாதித்து, சேர்ந்ததே என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். தலைவரின் வண்டியில் எப்போதும் சேறு அப்பியிருக்கும். பூச்செடி விற்கும் கடையில் வாங்கிய மண், நல்ல தரம்.

"கரடுமுரடு, உங்க வண்டில எல்லாம் சரியா இருக்கு. டயர்தான் குழந்தை சைக்கிள் மாதிரி இருக்கு" என்றார் தலைவர்.

அன்று முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதே வாரத்தில்தான் அவன் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. அம்மா பள்ளியில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். தேறும்வரை அம்மா தன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்கும் அக்காவுக்கும் இழுபறி. படுத்தபடியே அம்மா விசிலில்லாமல் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டு பேரும் வண்டி கொண்டு வாங்க. எது எனக்கு ஏற வசதியோ அதுல ஏறுறேன். அது எந்த வீட்டுக்குப் போகுதோ, அங்க இருக்கேன்."

அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். அக்கா வீட்டுக்காரரிடம் இருப்பது ஒரு பழைய சின்னக் கார். குடும்பத்தில் அதற்கு 'சோப்பு டப்பா' என்று பெயர், வைத்தவனும் அவன்தான். கீழறையில் இருந்த தன் கம்ப்யூட்டர் மேசையை அப்புறப்படுத்தி, ஜன்னலோரம் கட்டில் போட்டு, குளியலறையில் கைப்பிடியும் அடித்தான். பிறகு, அம்மாவின் சௌகரியத்தை முன்னிட்டு, டயர் மாற்றக் கிளம்பினான்.

"அத்தை இந்த ஜீப்புல ஏற்கெனவே முக்கி முனகித்தான் ஏறுவாங்க" என்றாள் மனைவி.

"பெரிய டயர் போட்டா பள்ளமே தெரியாது. எல்லாம் அம்மாவுக்காகத்தான்."

"போன மாசம் கப்பல் ஹாரன் மாட்டினதும் அம்மாவுக்காகவா?"

உயர்ந்த லட்சியங்கள் வீட்டில் புரிந்துகொள்ளப்படுவதில்லை.

டயர் கடைக்காரர் புரிந்துகொண்டார். "மாட்டிட்டா வண்டி புலி மாதிரி நிக்கும் சார்."

"ஓடுமா?"

"நிக்கும்போது பாருங்க சார் அழகை."

நான்கு டயர்களும் ஏறின. அவை புகுவதற்காக வண்டியின் உடம்பையும் கொஞ்சம் தூக்கிக் கட்டினார்கள். எங்காவது உரசுகிறதா என்று இருவரும் குனிந்து நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். உரசவில்லை. ஸ்டியரிங் நேராக இருந்தது. உலகில் வளைவுகளும் உண்டு என்பது அன்றைய ஆய்வின் வரம்புக்குள் வரவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் முதல் வளைவு வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்ததும் சக்கரத்தின் மேலிருந்து 'கர்ர்ர்' என்றது.

"சார், எதையோ இழுத்துட்டு வர்றீங்க" என்றார் வாட்ச்மேன்.

"டயர் சத்தம் அது. பெரிய டயர்."

"அப்ப நல்ல சத்தம்தான் சார். கொஞ்சம் பின்னால எடுங்க."

முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், ஓர் ஆம்புலன்ஸை மரியாதையாகக் காக்கவைத்து, ஒருவழியாகப் போர்ட்டிகோவில் நிறுத்தினான். உண்மையிலேயே புலிதான். நின்றது.

சக்கர நாற்காலியில் அம்மாவைத் தள்ளி வந்த நர்ஸிடம் செல்போனை நீட்டினான். "ஒரே ஒரு போட்டோ சிஸ்டர். கொஞ்சம் உக்காந்து எடுங்க. டயர் முழுசா வரணும்."

நர்ஸ் உட்கார்ந்து எடுத்தார். பிறகு அம்மா அண்ணாந்து பார்த்தார்.

"ஏண்டா, மாடிப்படி எந்தப் பக்கம்?"

"பிடிச்சுக்கம்மா, நான் தூக்கி விடுறேன்."

"நான் ஹை ஜம்ப் சொல்லிக்கொடுத்தவதான். அதுக்காக முட்டி மாத்தின வாரமே எகிறச் சொல்றியே."

வார்டிலிருந்து ஸ்டூல் எடுத்து வந்தான். ஸ்டூல் போதவில்லை. ஸ்டூலின் மேல் வைக்க இன்னொரு ஸ்டூல் கேட்டபோது நர்ஸ், "சார், இவங்களை மறுபடியும் அட்மிட் பண்ணணுமா?" என்றார். அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். அம்மா பல்லைக் கடித்தார். முகம் வெளுத்தது.

"விட்டுடுடா" என்றார். டிரில் டீச்சர் குரல் இல்லை அது. விட்டுவிட்டான்.

பின்னால் மெல்லிய ஹாரன். சோப்பு டப்பா. அக்கா வீட்டுக்காரர் தலையை நீட்டி, "மச்சான், மலையைக் கொஞ்சம் நகர்த்துறீங்களா?" என்றார்.

நகர்த்தினான். கர்ர்ர்.

அம்மா சோப்பு டப்பாவின் சீட்டில் முதலில் உட்கார்ந்தார். பிறகு நாற்காலியில் திரும்புவது போல் இரண்டு காலையும் உள்ளே எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். கீழறைக் கட்டில், ஜன்னல், கைப்பிடி எல்லாம் அந்தக் கதவு மூடிய சத்தத்தோடு முடிந்தன.

அக்கா வீடுவரை பின்னாலேயே போனான். உயரத்தில் ஒரு வசதி உண்டு, முன்னால் போகும் வண்டிக்குள் நடப்பதெல்லாம் தெரியும். அம்மா சீட்டைச் சாய்த்துக்கொண்டு எதற்கோ சிரித்ததும் தெரிந்தது. தன்னைப் பற்றித்தான் என்று ஊகித்தான். சொல்லியிருக்கக்கூடிய நகைச்சுவையையும் தானே ஊகித்து, தானே சிரித்தும் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

வீடு திரும்பி, காலியான கட்டிலில் உட்கார்ந்து, புகைப்படத்தைப் பேரவைக் குழுவில் போட்டான். கை தவறிக் குடும்பக் குழுவிலும் போட்டுவிட்டான்.

பேரவை கொந்தளித்தது. "கம்பீரம்." "ஆண்மை." தலைவரே எழுதினார்: "இந்த மாதத்தின் சிறந்த படம். ஓரத்தில் ஏதோ கட்டுப் போட்டது தெரிகிறது, அதை மட்டும் வெட்டிவிடவும்."

நன்றி சொல்ல விரலை வைத்தபோது குடும்பக் குழுவில் அம்மாவின் செய்தி வந்தது.

"டயர் அழகா விழுந்திருக்குடா. ஓரத்துல இருக்கிற முட்டி யாரோடது?"